மூன்று தரம் அடித்தால் இறால்

இந்த வாரப் பத்தியை நான் விரும்பி எழுதவில்லை. இது எனக்குக் கிடைத்த தண்டனை.

தண்டித்தவர் நீதவான் இல்லை. ரிஸ்வான். அலுவலகத்தில் எனக்கு எதிர்மேசை. குறிஞ்சாக்கேணியிலிருந்து பஸ்ஸில் சொகுசாக வரக்கூடிய தூரத்தை, வேண்டுமென்றே சைக்கிளில் வருகிற ஆள். அவன் மேசை லாச்சியைத் திறந்தால் கோவைகளை விட சைக்கிள் டியூப்கள் அதிகம்.

“ஒண்டும் விடாம எழுது மச்சான். ஒரு வரி கொறஞ்சாலும் நானே ஆசிரியருக்குக் கடிதம் போடுவன்,” என்றிருக்கிறான்.

எழுதுகிறேன். ஒரு வரியும் குறையாது.

போன மாதம் இதே இடத்தில் ஓட்டத்தின் மகிமை பற்றி நான் அளந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சப்பாத்து இருந்தால் போதும், வெட்கம் இல்லாதிருந்தால் இன்னும் நல்லது என்றெல்லாம் எழுதினேன். நல்ல வரவேற்பு. வாசகர் ஒருவர் அதைப் படித்ததும் தன் மனைவியை ஓட அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தார். அவர் அந்தக் கடிதத்தைக் கதிரையில் சாய்ந்திருந்துதான் எழுதியிருக்க வேண்டும்.

பிரச்சினை என்னவென்றால், அதை எழுதிய நாள்வரை நான் கடைசியாக ஓடியது பஸ்ஸுக்குப் பின்னால்.

ரிஸ்வானும் படித்தான். அடுத்த நாள் காலை என் மேசையில் ஒரு விண்ணப்பப் படிவம். மவுண்டன் பைக்கில் பதினெட்டுக் கிலோமீற்றர். இறங்கியதும் கடற்கரை மணலில் ஐந்து கிலோமீற்றர் ஓட்டம். பெரிய வீரர்களுக்கு இல்லை, நம்மைப் போன்ற சாதாரண சனத்துக்கு.

“பேர், விலாசம் எல்லாம் நானே நிரப்பிட்டன். நீ கையெழுத்த மட்டும் வை.”

“எனக்கு ஏலாது ரிஸ்வான்.”

“எழுத ஏலும், ஓட ஏலாதா? அப்ப பேப்பர்ல இருந்தது பொய்யா?”

வைத்தேன்.

போட்டியின் விதி எளிது. இரண்டு மணி பதினைந்து நிமிடத்துக்குள் முடிக்கிற எல்லோருக்கும் பதக்கம். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு வாழைப்பழம்.

ரிஸ்வானுக்கு இது மூன்றாவது முறை. முதல் வருடம் தொடையில் தசைப்பிடிப்பு. இரண்டாவது வருடம் செயின் அறுந்தது. இரண்டு வருடமும் வாழைப்பழம். “இந்த முறை வாழைப்பழத்தக் கண்டா நான் அத மிதிச்சி விழுந்து மவுத்தாகிருவன்,” என்று சொல்லிக்கொண்டு மூன்று மாதம் பயிற்சி எடுத்தான்.

எனக்கு ஏன் பதக்கம்? எனக்கு வேண்டாம். அம்மாவுக்கு வேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறி, பாதியில் இறங்காமல் கடைசிவரை போன முதல் ஆள் நான். அப்பா எங்கள் ஊரான சல்லியின் கரையில் கரைவலை இழுப்பவர். அம்மா கருவாடு காயவைப்பவர். என்னுடைய பட்டச் சான்றிதழ், நியமனக் கடிதம் எல்லாம் அம்மாவின் கூறைச்சேலையோடு அலுமாரிக்குள், பொலித்தீன் பையில் இருக்கின்றன. மாதம் ஒரு தரம் எடுத்துத் துடைப்பார். அப்படி ஒருநாள் பட்டச் சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, “வடிவாத்தான் இருக்கு,” என்றார்.

நான் ஓமென்று தலையாட்டினேன். ஆனால் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“தலைகீழாவே பிடிச்சிருக்கிறன்?”

“இல்லையம்மா...”

“பொய் சொல்லாத. இவ்வளவு படிச்சும் உனக்கு ஒரு பொய் ஒழுங்காச் சொல்லத் தெரியேல்ல.”

இந்த வசனத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறது.

பக்கத்து வீட்டில் புஷ்பம் மாமி. அவருடைய மகன் பள்ளிக்கூட அஞ்சலோட்டத்தில் வென்ற பதக்கம் ஒன்று அவர்கள் வீட்டு ரீவிக்கு மேலே தொங்குகிறது. அதற்கென்று தனியாக ஒரு சிறிய பல்ப். யாராவது வீட்டுக்கு வந்தால் மாமிக்கு உடனே அதில் தூசி தெரியும். எடுத்து, ஊதி, துடைத்து, திரும்ப மாட்டுவார். அம்மா இதைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

நான் போட்டிக்குப் பெயர் கொடுத்த செய்தி தெரிந்ததும் அம்மா சொன்னது இதுதான். “உன்ர கடுதாசியளை நான் ஒருத்தருக்கும் வாசிச்சுக் காட்ட ஏலாது. கழுத்தில தொங்கிற சாமான் ஒண்டு கொண்டு வா. அதைத் தலைகீழாப் பிடிக்க ஏலாது.”

இப்போது விளங்குகிறதா, இரண்டு மணி பதினைந்து நிமிடம் எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று?

பயிற்சி எடுத்தேன். காலையில் கோட்டை வாசலால் புகுந்து கோணேசர் கோயில் ஏற்றத்தில் சைக்கிள் மிதித்தேன். அங்கே திரிகிற மான்களில் ஒன்று பாதையின் நடுவில் நின்றது. நான் மூச்சிரைக்க மேலே வருவதைப் பார்த்தது. விலகவில்லை. முழுக்க மென்று முடித்து, விழுங்கி, அதற்குப் பிறகுதான் விலகியது. என் வேகத்தை அந்த மான் சரியாகக் கணக்குப் போட்டிருந்தது.

பைக், ஹோட்டலில் வேலை செய்யும் நண்பன் இரவலாகத் தந்தது. வெள்ளைக்காரர்கள் மிதித்து மிதித்து கியர் தேய்ந்த சாமான். பரவாயில்லை. எல்லாம் தயார் என்றுதான் நினைத்தேன்.

போட்டிக்கு முதல் நாள் பின்னேரம், படிவத்தின் மறுபக்கத்தைப் படித்தேன். (படித்தவர்களின் வழக்கம் இது. முன்பக்கத்தில் கையெழுத்து, பின்பக்கத்தில் அதிர்ச்சி.) பாதை குடியிருப்புகளுக்கு ஊடாகப் போவதால் ஒவ்வொரு சைக்கிளிலும் மணி அல்லது ஹோன் கட்டாயம் இருக்க வேண்டுமாம்.

என் பைக்கில் இரண்டும் இல்லை.

நிலாவெளியில் அக்கா வீடு. அத்தான் செல்வம், சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்பவர். அவருடைய சைக்கிளில் ஒரு ஹோன் உண்டு. கறுப்பு ரப்பர் பந்து, பித்தளை வாய். அமுக்கினால் சளி பிடித்த எருமை கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். அங்கே போனால் வீட்டில் ஆளில்லை. கந்தளாயில் ஒரு கலியாண வீடு, ஞாயிறு பின்னேரம்தான் வருவார்கள் என்றார்கள் அயலில். சைக்கிள் மட்டும் மாமரத்தில் சாய்ந்து நின்றது.

ஸ்குரூ இரண்டு. கழற்ற இரண்டு நிமிடம். ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாம்தான். கலியாண வீட்டில் நிற்கிற மனிதரை ஏன் தொந்தரவு செய்வான் என்று விட்டுவிட்டேன். திருடர்களுக்கும் இப்படித்தான் தோன்றும் போல... வீட்டுக்காரர் நித்திரை, ஏன் எழுப்புவான்?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மீன்காரரின் ஹோன் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. எப்படித் தெரியும்? எங்கள் வீட்டு வாசலுக்கு மீன் வியாபாரி வந்ததே இல்லை. மீன் பிடிக்கிற வீட்டுக்கு யார் மீன் விற்பார்கள்? அத்தான் விற்கிற ஒழுங்கைகளுக்கும் நான் போனதில்லை. ஆகவே ஹோன் என்பது எனக்கு ஒரு சத்தம், அவ்வளவுதான். அதற்குள் ஒரு முழு மொழி இருக்கிறது என்பதை எந்தப் பல்கலைக்கழகத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணி. உப்புவெளிக் கரையில் அறுபது பேரளவில் நின்றோம். கொழும்பிலிருந்து வந்தவர்கள் வழவழவென்ற ஜெர்சியோடு. சில வெள்ளைக்காரர்கள். ரிஸ்வான் முதுகில் ஒரு தண்ணீர்ப் பை மாட்டியிருந்தான், குழாயால் உறிஞ்சிக் குடிக்கிற வகை. விசில் ஊதியதும் அவன் பறந்தான்.

“முடியிற இடத்தில மெடலோட நிண்டு உனக்குக் கை காட்டுவன் மச்சான்!”

அதன் பிறகு நான் கண்டதெல்லாம் மற்றவர்களின் பின்சில்லுகள். பிறகு அதுவும் இல்லை.

மண்பாதை. பனைகள். சில்லு மணலில் புதைகிறது, இறங்கித் தள்ளுகிறேன், ஏறுகிறேன், திரும்பப் புதைகிறது. ஒரு மணி ஐந்து நிமிடம் ஆனபோது ஏறக்குறைய கடைசியில் இருந்தேன். ஆனாலும் மனக்கணக்குப் போட்டேன். இந்த வேகத்தில் போனால் இரண்டு மணி பத்து. கிடைக்கும். அம்மாவின் பதக்கம் மயிரிழையில் கிடைக்கும்.

நிலாவெளிக்குப் பக்கத்தில் ஓர் ஒழுங்கைக்குள் பாதை திரும்பியது. இரண்டு பக்கமும் கிடுகு வேலியும் தகர கேற்றுகளும். நடுவில் மூன்று மாடுகள் குறுக்கே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

ஹோன் இருக்கிறதே! அமுக்கினேன். அசையவில்லை. அமுக்கினேன். ஒரு மாடு காதை ஆட்டியது. இன்னொரு தரம், பலமாக.

மாடுகள் எழும்பவில்லை. ஆனால் ஒழுங்கை எழும்பியது.

ஒரு கேற் திறந்தது. எதிர்க் கேற் திறந்தது. பிறகு எல்லாக் கேற்றுகளும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பெண். ஒவ்வொரு பெண்ணின் கையிலும் ஒரு சட்டி. காலடியில் பூனைகள். நான் என்ன நடக்கிறது என்று யோசிப்பதற்குள் என்னைச் சுற்றி வளைத்துவிட்டார்கள்.

“நில்லும் தம்பி, நில்லும்! றால் என்ன மாதிரி? பெரிசோ?”

“றாலோ?”

“மூண்டு தரம் அடிச்சீர்தானே?”

“அடிச்சனான்தான். ஆனா...”

“ஒண்டடிச்சா சூடை. ரெண்டடிச்சா பாரை. மூண்டடிச்சா றால். இந்த ஒழுங்கையில பூனைக்கும் தெரியும். நீர் எந்த ஊர்?”

“சல்லி.”

“சல்லிப் பொடியனுக்கு றால் தெரியாதாமடி!”

சிரிப்பு. எனக்கு வியர்வை. “அக்கா, இது சைக்கிள் ரேஸ். என்னட்ட மீன் இல்லை. நான் மாட்டுக்குத்தான் ஹோன் அடிச்சனான்.”

“மாட்டுக்கு றாலோ?”



கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் அம்மா முன்னால் வந்தார். பெயர் தவமணி அக்கா என்று பிறகு அறிந்தேன். வந்தவர், முதலில் என் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தார். மீன்காரரைப் பிடித்துப் பழகிய கை. இரும்பு.

“இஞ்ச பாரும். மகளைக் கட்டின மாப்பிள்ளை கலியாணத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் முதன்முதலாச் சாப்பிட வாறார். தேங்காய்ப்பால் பிழிஞ்சு வச்சிட்டன். ரெண்டு நாளா வராத செல்வத்தின்ர ஹோன் சத்தம் இப்பத்தான் கேக்குது. அவற்ற ஹோன் உம்மட்ட எப்பிடி வந்தது?”

“அவர் என்ர அத்தான்.”

“அப்ப சரி. மச்சானிட்டக் குடுத்து விட்டிருக்கிறார். எடும் றாலை.”

மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு மணி பதினேழு நிமிடம். ஹாண்டில் அவர் கையில். அம்மாவின் முகம் கண்ணுக்கு முன்னால். ரீவிக்கு மேலே மின்னுகிற அந்தச் சிறிய பல்ப்...

சொன்னேன்.

“என்னட்ட இல்லை அக்கா. பின்னால வாறவரிட்ட இருக்கு. நல்ல பெரிய றால்!”

‘நல்ல பெரிய’ தேவையே இல்லை. ஆனால் அம்மா சொன்னதுதான் சரி, பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவனுக்கு எங்கே நிறுத்துவதென்று தெரிவதில்லை.

கை விட்டது. தவமணி அக்கா திரும்பி ஒழுங்கையின் வாயைப் பார்த்தார். எல்லாச் சட்டிகளும் அந்தப் பக்கம் திரும்பின. நான் மாடுகளைச் சுற்றி, வேலியை உரசிக்கொண்டு, ஓட்டம் பிடித்தேன்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. பைக்கை எறிந்தேன். மணலில் ஓடினேன். நடந்தேன். திரும்ப ஓடினேன். முடிவுக் கோட்டை இரண்டு மணி பதின்மூன்று நிமிடத்தில் தாண்டினேன். யாரோ குனியச் சொன்னார்கள். கழுத்தில் பாரமாக ஒன்று விழுந்தது.

பதக்கம்! புஷ்பம் மாமியின் மகனுடையதைவிடப் பெரிது. சத்தியமாகப் பெரிது.

ரிஸ்வானைத் தேடினேன். கை காட்டுகிறேன் என்றானே? காணவில்லை. முதலே முடித்துவிட்டு எங்காவது நிழலில் கிடக்கிறான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கடற்கரையின் தூரத்தில் அவன் வந்தான். சிவந்த முகம். ஈரமான முதுகு. இரண்டு மணி பதினேழு நிமிடம். ஏற்பாட்டுக் குழு அக்கா ஒருவர் அன்போடு போய் அவன் கையில் வாழைப்பழத்தைக் கொடுத்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “நீ முன்னுக்கெல்லே போனாய்?”

“டயர் பஞ்சர் மச்சான். பனைக்குக் கீழ இருந்து ஒட்டிக்கிட்டு இரிக்கேன், நீ குனிஞ்ச தல நிமிராம என்னத் தாண்டிப் போறாய். கூப்பிட்டன், ஒனக்குக் கேக்கல்ல. அது பரவால்ல, பிடிச்சிருவன் எண்டு வந்தன். வந்தா... ஒரு ஒழுங்கைக்குள்ள பத்துப் பொம்புள, சட்டியோட. ‘றால எடு’ எங்கிறாங்க!”

நான் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தேன்.

“எனக்கு முன்னால போன மூணு பேரையும் மறிச்சிருக்காங்க. அதுல ஒரு வெள்ளைக்காரன் சட்டிக்குள்ள சொக்லேட் போட்டுட்டுத் தப்பிட்டான். அவனுகள் போன நேரத்த ஓட்டத்தில வெட்டி எடுத்து மெடலும் வாங்கிட்டானுகள். நான் வந்து மாட்டுனன். என்ட தண்ணிப் பை ஒழுகுது மச்சான். சொட்டுச் சொட்டா முதுகால வடியுது. ‘ஐஸ் தண்ணி வடியுது, றால் இவனிட்டத்தான் இருக்கு’ண்டு ஒரு அம்மா என்ட ஹாண்டிலப் புடிச்சிட்டா. கை இல்ல அது, குறடு! பையத் திறந்து காட்டு எங்கிறா. திறந்தன். ஒரு டியூப், ஒரு பம்ப், ஆறு பேரீச்சம்பழம். ‘றால எங்க ஒளிச்சாய்?’ எங்கிறா! அஞ்சு நிமிசம் போச்சு மச்சான். அஞ்சு நிமிசம்!”

பதினேழில் ஐந்து போனால் பன்னிரண்டு. படித்தவன் அல்லவா, கணக்கு உடனே வந்தது.

ரிஸ்வான் விடவில்லை. ஏற்பாட்டாளரிடம் முறையிடப் போனான். அவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர், வெயிலில் நின்றாலும் சட்டப் புத்தகம் கையில். பொறுமையாகக் கேட்டார்.

“மாடு மறிச்சா நேரம் கழிக்கலாம் தம்பி. விதியில இருக்கு. ஆட்டுப்பட்டி மறிச்சாலும் கழிக்கலாம். மரண ஊர்வலம் எண்டாலும் கழிக்கலாம். றாலுக்கு...” புத்தகத்தை உண்மையாகவே புரட்டிப் பார்த்தார். “றாலுக்கு இடமில்லை.”

“ஆரோ முன்னால போனவன் பின்னால றால் வருதுண்டு சொல்லிரிக்கான் சேர்! அவனப் புடிங்க!”

நான் பக்கத்திலேயே நிற்கிறேன். கழுத்தில் பதக்கம். வாயைத் திறந்தேனா?

என் ஜெர்சியின் ஸிப்பை மேலே இழுத்தேன். பதக்கம் உள்ளே போனது. நெஞ்சில் சில்லென்று பட்டது.

வீட்டுக்கு வந்தேன். அம்மா கைகளைச் சீலையில் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார். முதலில் உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்தார், மீனை நிறுப்பதுபோல. பிறகு கன்னத்தில் வைத்தார். பிறகு சுவரில் ஆணி அடிக்கச் சொன்னார். ரீவிக்கு நேர் மேலே. உடனே புஷ்பம் மாமி வீட்டுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“புஷ்பம் மகள் வீட்டை மூதூருக்குப் போயிட்டாளாம். வர ஒரு கிழமையாகுமாம். பரவாயில்லை. பதினொரு வருசம் இருந்தனான், ஒரு கிழமை இருக்க மாட்டனே?”

அம்மா இவ்வளவு சந்தோசமாக இருந்து நான் பார்த்ததில்லை. பட்டமளிப்பு விழாவில்கூட மண்டபத்தில் கதிரை நுனியில்தான் இருந்தார். இங்கே பதக்கத்துக்குக் கீழே பாய் போட்டுப் படுத்துவிட்டார்.

பின்னேரம் ஐந்து மணிக்கு வாசலில் அத்தானின் குரல்.

“என்ர ஹோன் எங்கையடா?”

கந்தளாயிலிருந்து பஸ்ஸில் வரும்போதே அவருக்கு ஒன்பது போன் வந்திருக்கிறது. ஒழுங்கை முழுவதும் முறைப்பாடு. தவமணி அக்காவின் மாப்பிள்ளை கடைசியில் முட்டைக் குழம்போடு சாப்பிட்டுப் போனாராம். முதல் விருந்தில் முட்டை!

“பன்ரெண்டு வருசமா அந்த ஹோனில ஒரு பொய் அடிச்சதில்லையடா நான். சூடை எண்டா சூடை. பாரை எண்டா பாரை. ஒரு காலமையில நீ எல்லாத்தையும் நாறடிச்சுப் போட்டாய்!”

எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வந்தது. மாடு வந்த இடத்தில் அம்மா சிரித்தார். ‘மாட்டுக்கு றாலோ’ என்ற இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாகூடத் திரும்பி நின்று தோள் குலுங்கினார். அத்தானுக்கே வாயோரம் துடித்தது. தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “சரி, பின்னால வந்த பிள்ளை ஆர்?”

நான் ஆணியைப் பார்த்தேன்.

“ஆரடா?”

“ரிஸ்வான்.”

வீட்டில் சிரிப்பு நின்றுவிட்டது. ரிஸ்வான் எங்கள் குசினியில் எத்தனையோ தரம் அம்மாவின் கையால் மீன்சொதியும் சோறும் சாப்பிட்டவன். அவனுடைய இரண்டு வாழைப்பழக் கதையும் அம்மாவுக்கு மனப்பாடம்.

“அவனுக்கு மெடல் கிடைச்சதே?”

“இல்லை. ரெண்டு நிமிசத்தால...”

அம்மா எழுந்தார். சுவரருகே போனார். பிறகு பதக்கத்தைக் கழற்றினார். அதை உடனே என்னிடம் தரவில்லை. சீலைத் தலைப்பால் ஒரு தரம் துடைத்தார்.

“இதில பாதி அவன்ர.”

“மெடலை வெட்ட ஏலாது அம்மா.”

“ஆர் வெட்டச் சொன்னது? கரையில வலைக்கு முறை இல்லையே?”

வாசகர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் கரையில் ஒரே இடத்தில் பலர் கரைவலை போடுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் போட ஏலாது. ஆகவே முறை. இன்று ஒருவருடைய வலை, நாளை மற்றவருடையது. உன் நாளில் மீன் படலாம், படாமலும் போகலாம். அதற்காக அடுத்தவனின் முறையில் கை வைக்க முடியாது. கடல் எல்லோருக்கும் ஒன்றுதான், முறைதான் வேறு.

“ரெண்டு கிழமை அவன் வீட்டில. ரெண்டு கிழமை எங்கட வீட்டில. முதல் முறை அவன்ர.”

அப்பா அன்று முழுவதும் பேசிய ஒரே வசனம் இதுதான். “ஓம். முறைதான்.”

திங்கட்கிழமை காலை. ரிஸ்வானின் மேசையில் பொலித்தீன் பையை வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். பையைப் பார்த்தான். திரும்ப என்னைப் பார்த்தான். 

“நீயாடா அது?”

“நான்தான்.”

“நான் ‘அவனப் புடிங்க சேர்’ண்டு கத்தேக்க நீ எனக்குப் பக்கத்திலதானே நிண்டாய்?”

“ஓம்.”

“என்ட வாழப்பழத்தில பாதிய நீதானே வாங்கித் திண்டாய்?”

இதை நான் மேலே சொல்லாமல் விட்டேன். ஒரு வரியும் குறையக் கூடாது என்பதால் இங்கே சேர்க்கிறேன். ஓம், தின்றேன். பசி.

அடி விழும் என்று நினைத்தேன். அவன் மேசையில் தலையை வைத்தான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்துபோனேன். நிமிர்ந்தபோது சிரிப்பில் கண்ணீர் வழிந்தது.

“மத்தவன்ட மெடல் எனக்கு என்னத்துக்கு? கொண்டு போ.” பையை என் பக்கம் தள்ளினான். பிறகு இழுத்துக்கொண்டான். “இல்ல, இரி. உன்ட உம்மா சொன்னா நான் மறுக்க ஏலா. ஆனா நீ பேப்பர்ல எழுதுற. எல்லாத்தையும்.”

அந்தத் தண்டனையைத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

கதிரையில் இருந்து யோசித்துப் பார்த்தேன். ‘பின்னால வாறவரிட்ட இருக்கு.’ இது எனக்கு எங்கிருந்து இவ்வளவு சுலபமாக வாயில் வந்தது? வேறெங்கே, எங்கள் அலுவலகத்திலிருந்துதான். ஒரு மனுசன் காலையில் கடதாசியோடு வந்து நிற்கிறார். ‘அது அடுத்த மேசை’ என்கிறோம். அடுத்த மேசையில் யார் இருக்கிறார், இருக்கிறாரா, அவர் என்ன பாடு படுவார் என்று நாங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் ஹாண்டிலைப் பிடித்த கை விட்டால் போதும், மிதிக்கத் தொடங்கிவிடுவோம். ஒரே வித்தியாசம், இந்த முறை அடுத்த மேசையில் இருந்தது என் நண்பன்.

போன ஞாயிறு அத்தானின் கட்டளைப்படி அவருடைய சைக்கிளில், பெட்டி கட்டி, ஐஸ் போட்டு, அந்த ஒழுங்கைக்கு நானே போனேன். மூன்று தரம் அடித்தேன். கேற்றுகள் திறக்கவில்லை. ஒருத்தரும் நம்பவில்லை! பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். முதலில் பூனைகள் வந்தன. பூனைகளைப் பார்த்து சட்டிகள் வந்தன.

தவமணி அக்கா ஒவ்வோர் இறாலாகப் பிரட்டிப் பார்த்தார். “மாப்பிள்ளை அடுத்த கிழமையும் வாறாராம். முட்டைக் குழம்பு நல்லா இருந்ததாம்.” என் முகத்தைப் பார்த்தார். “வாற வருசமும் ஓடுவீரோ?”

“ஓடுவன் அக்கா.”

“சொல்லிப்போட்டு ஓடும். நாங்கள் மாட்டைப் பிடிச்சுக் கட்டி வைக்கிறம்.”

பதக்கம் இப்போது குறிஞ்சாக்கேணியில் இருக்கிறது. முதல் முறை ரிஸ்வானுடையது. வீட்டில் தொங்கவிடுகிறானா என்றால் இல்லை, கழுத்தில் போட்டுக்கொண்டு சைக்கிளில் வேலைக்கு வருகிறான். பையும் வைத்திருக்கிறான், அதே ஒழுகுகிற பை. வழியில் யாராவது கேட்டால் நின்று காட்டுகிறானாம். அதனால் இப்போது தினமும் அரை மணி பிந்தி வருகிறான்.

நேற்றுப் பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா வெறும் ஆணிக்குக் கீழே இருந்தார். முகம் ஒரு மாதிரி.

மூதூரிலிருந்து புஷ்பம் மாமி வந்துவிட்டார். கேள்விப்பட்டு, பார்க்க ஓடி வந்திருக்கிறார். சுவரைப் பார்த்திருக்கிறார். ஆணியைப் பார்த்திருக்கிறார். “எங்க மெடல்?” என்று கேட்டிருக்கிறார்.

“நீங்கள் என்னம்மா சொன்னீங்கள்?”

“என்னத்தைச் சொல்றது? முறைக்குப் போயிருக்கெண்டன்.” ஆணியில் இல்லாத தூசியை அம்மா ஊதினார். “அவள் நம்பேல்ல.”

ஆகவே புஷ்பம் மாமிக்குப் பகிரங்கமாக அறிவிக்கிறேன்: வருகிற திங்கள் எங்கள் முறை, தாராளமாக வாருங்கோ... சட்டி மட்டும் கொண்டு வராதேங்கோ.